செசிலி எழுதிய மூன்று அடி

வியாழக்கிழமை காலையில் எழுந்திருக்கும்போதே ஜஸ்டஸுக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. மூன்று நாளாகச் சரியான தூக்கம் கிடையாது. தூக்கமில்லாதவன் சவரக்கத்தியை எடுத்தால் என்ன ஆகும்? தாடையில் இரண்டு இடத்தில் வெட்டு. அதில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மனைவி செசிலி கருப்பட்டிக் காப்பியை முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காகவும், இந்த வாரம்தான் பக்கத்து வீட்டில் பத்திரிகையை இரவல் வாங்கியவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வடசேரிக்கு அப்பால் இருக்கும் ஹட்சன் கல்லூரியில் ஜஸ்டஸ் கணித ட்யூட்டர். தற்காலிகமாக இரண்டு வருஷம் உழைத்தாயிற்று. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு டைப் அடிக்கப்பட்டு, பிரின்ஸிபால் மாத்தனின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அதே கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் கோட்டாறு முகம்மது மீரான் புலவர். ஜூனியர் வகுப்புக்கு முதல் மணி தமிழ், இரண்டாம் மணி அல்ஜீப்ரா.

பாடம் முடியும்போது புலவர் ஒரு வெண்பாவின் கடைசி அடியை மட்டும் பலகையின் மூலையில் எழுதிவிட்டுப் போவார். அதற்கு ஈற்றடி என்று பெயர். மேலே வரவேண்டிய மூன்று அடியையும் மாணவர்கள் வீட்டில் முயன்று பார்க்க வேண்டும். மாணவர்கள் முயன்றார்களோ என்னவோ, ஒருநாள் தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் காலி வகுப்புக்குள் வந்த ஜஸ்டஸ் முயன்று பார்த்தான். மூன்றாம் மணிக்கு வரும் சரித்திர ஆசிரியர் பலகையை அழிப்பதற்குள் புலவர் எட்டிப் பார்த்தார். சிரித்தார். மறுவாரம் இன்னும் கடினமான ஓர் அடியை எழுதி வைத்தார். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. இருவரும் நேரில் பேசியது குறைவு. பலகையில் பேசியதுதான் அதிகம்.

போன வெள்ளிக்கிழமை கல்லூரி ஆண்டு விழா. பிரின்ஸிபால் மாத்தன் பகல் பன்னிரண்டுக்குப் பேச எழுந்தவர் மூன்று மணிக்குத்தான் உட்கார்ந்தார். யாருக்கும் சோறில்லை. விழாவுக்கு முன்பே அப்பாவித்தனமாகக் கொடுத்திருந்த ஓர் ஈற்றடியைத் திங்கட்கிழமை புலவர் மறுபடி எழுதினார். இரண்டாம் மணி முடிந்தபோது பலகையில் இருந்தது இது:

பேச்சுக்கோர் அந்தமில்லை; பேசுவார்க்கோ சோர்வில்லை;
மூச்சுவிட நேரமில்லை, மூன்றுமணி – ஆச்சே!
துணிவில்லை கேட்பதற்குத் தூங்கவும் வெட்கம்;
மணியடித்தால் போதும் நமக்கு.

அன்றைக்குப் பார்த்துச் சரித்திர ஆசிரியருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வகுப்பெடுக்க வந்தவர் சாட்சாத் பிரின்ஸிபால் மாத்தன்.

அவர் கத்தவில்லை. வெண்பாவைச் சட்டைப்பைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு பிளாசி யுத்தத்தை நடத்தினார். ஜஸ்டஸின் ஆங்கிலக் கையெழுத்தையும் எண்களையும்தான் அவர் பார்த்திருக்கிறார்; தமிழ்க் கையெழுத்தைப் பார்த்ததில்லை. வகுப்பில் ஐம்பது பேரிடம் விசாரித்தார். ஐம்பது வாயும் மூடிக்கொண்டன. கடைசி அடி மட்டும் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே மாலையில் புலவருக்கு ஒரு நோட்டீஸ் போயிற்று. மேல் மூன்றடியைப் பாடியது யார் என்று வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம்.

அந்த வியாழன்தான் இன்று.

பிரின்ஸிபாலுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். பலகையில் எழுதிய கை ஜஸ்டஸுடையது. பாடியது செசிலி.

இரண்டு வருஷத்துக்கு முன் எட்டு மாதக் குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்த வீடு அது. அதன் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் உப்பு, விறகு, குடை தவிர வேறெதையும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை எதுவும் இல்லை. பேச வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு மாலை, கால் கழுவிக்கொண்டே புலவரின் ஈற்றடி ஒன்றை ஜஸ்டஸ் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு திண்டாடினான். அடுக்களையிலிருந்து ஓர் அடி வந்தது. அச்சுப் போலப் பொருந்தியது. செசிலியின் அப்பா கடற்கரைக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். திருநாளுக்குத் திருநாள் வெண்பா கட்டிப் பாடியவர். எட்டாம் வகுப்போடு நின்றுபோன மகள் அதையெல்லாம் கேட்டுக் கேட்டு மனதில் வைத்திருந்தாள். அன்றைக்கு அவர்கள் விளக்கேற்ற மறந்துபோய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து மாதமாகப் பலகையில் இருப்பவை பெரும்பாலும் அவள் அடிகள்.

இனி இன்றைய கதைக்கு வருவோம்.

"ஏட்டி செசிலி! கதவெத் தொறெ. நனைஞ்சு போனேன்."

ஜஸ்டஸின் அக்கா வியாகுலம்மாள். இராஜாக்கமங்கலம் கடற்கரையிலிருந்து ஐப்பசி மழையில் நடந்தே வந்திருந்தாள். தலையில் மீன் கடவம் என்னும் ஓலைக்கூடை; அதன் மேல் வாழையிலை. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு இந்தக் கடவத்தைச் சுமந்துதான் தம்பியைத் திருவனந்தபுரம் வரை அனுப்பிப் படிக்க வைத்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அதைப் பற்றி யாராவது பரிதாபமாகப் பேசினால் கடிப்பாள்.

"ஆர்டர் கிட்டியாச்சா லே?"

"இன்னும் இல்லக்கா."

"இது என்ன தொயிரம், இப்பிடி இழுத்தடிக்காவ! ஞாயித்துக்கிழமை ஒனக்க பேருல நன்றிப் பூசைக்குச் சாமியாருகிட்ட சொல்லி வச்சிருக்கேன் கேட்டியா. ஊரு பூரா சொல்லியாச்சு. கல்லூரிக்காரன் அக்கான்னு இப்பவே எனக்கு முன்னால வழிவிடுதாவ."

ஜஸ்டஸ் பஞ்சைத் தாடையிலிருந்து பிய்த்தான். மறுபடி ரத்தம் வந்தது. அவனுக்கு வாய் வராது என்று தெரிந்து செசிலியே சொன்னாள். ஈற்றடி, வெண்பா, பிரின்ஸிபால், நோட்டீஸ் எல்லாவற்றையும் சொன்னாள். பாடியது தான் என்பதையும் மறைக்கவில்லை.

வியாகுலம்மாள் முந்தானையால் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"பாட்டா? ஒரு பாட்டுக்காட்டியா வேலைக்கு ஆபத்து?"

"ஆமா மைனி."

"அந்தப் புலவரு வாயெத் தொறக்கல்லல்லா?"

"இல்ல."

"பொறவு என்ன? நீங்களும் மூடிட்டு இரிங்க. கையெழுத்தெ வாங்கு மக்கா. பொறவு பாட்டுப் படி, கூத்து ஆடு, நான் கேக்கமாட்டேன்."

"புலவருக்கு நாலு பிள்ள மைனி" என்றாள் செசிலி.

"ஒனக்கு..." என்று ஆரம்பித்த வியாகுலம்மாள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கடவத்திலிருந்து வாளை மீனை எடுத்து வேகவேகமாகச் செதில் சுரண்ட ஆரம்பித்தாள். வாளைக்குச் செதில் கிடையாது என்பதை அவளுக்கு அந்த வீட்டில் யாரும் நினைவுபடுத்தவில்லை.

ஜஸ்டஸ் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

கல்லூரியில் ஆசிரியர் அறை என்று ஒன்று உண்டு. சாய்வு நாற்காலி உண்டு, மதராஸிலிருந்து வரும் இங்கிலீஷ் பத்திரிகை உண்டு. தமிழ்ப் புலவருக்கு அங்கே இடம் இல்லை. அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் நாற்காலி எண்ணிக்கையில் ஒன்று எப்போதும் குறைந்தது. மீரான் புலவர் ஏழு வருஷமாகப் புஸ்தக சாலையின் பின்புறம், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து பழகிவிட்டார்.

முதல் மணி முடிந்ததும் ஜஸ்டஸ் அங்கே போனான். புலவர் மாணவர்களின் கட்டுரை நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு வேறு யாராவது வந்தால் திருத்துவதற்கு வசதியாக, திருத்தியது ஒரு கட்டு, திருத்தாதது ஒரு கட்டு.

"புலவரே, என் பேரெ எழுதிக் கொடுத்திரும்" என்றான் ஜஸ்டஸ். மூன்று நாளாகச் சொல்ல நினைத்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"எதுக்கு?"

"நாந்தானே எழுதினேன்."

புலவர் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். ஜஸ்டஸை விட ஒன்றிரண்டு வயது மூத்தவர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பலகையில எழுதினது நீரு. பாடினது நீரில்ல ஓய்."

ஜஸ்டஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"போன வருசம் ஒம்ம பாட்டு எப்படி இருக்கும்? சீரெல்லாம் நிறுத்துப் போட்டாப்ல சரியா இருக்கும். வாசிச்சா ஒரு பிழை கிடையாது, ஒரு உசிரும் கிடையாது. கோவப்படாதியும். பத்து மாசமா என்ன வருது? ஒலைப்பானை வருது. காயாத துணி வருது. தொட்டில் கட்டின உத்தரம் சும்மா கிடக்குன்னு ஒரு பாட்டு வந்துது. அன்னைக்கு நான் வகுப்புல நிக்க முடியாம வெளிய போயிட்டேன். ஒமக்கு ஒலைப்பானை வீட்டுல எந்த மூலையில இருக்குன்னு தெரியுமா ஓய்?"

"தெரியாது" என்றான் ஜஸ்டஸ் உண்மையாகவே.

"அதாக்கும் சொன்னேன். இன்னொருத்தரு வீட்டுப் பொம்பளை பேரெ ஆபீஸ் காயிதத்துல எழுதிக் கொடுக்க எனக்குக் கை வராது. ஒம்ம பேரெ எழுதினா அது பொய். ரெண்டும் வேண்டாம். கோட்டாறுல கடைக்காரங்களுக்குக் காயிதம் எழுதிக் கொடுத்தாக்கூட எனக்க வீட்டுக்காரி ரசூல் பீவி அடுப்பெ எரிச்சிருவா."

சொல்வதற்கு எளிதாகச் சொன்னார். நோட்டுக் கட்டைத் தூக்கும்போது மூச்சு வாங்கியது.

ஜஸ்டஸுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. புலவர் தன்னைக் காப்பாற்றுவதாக அவன் மூன்று நாளாக நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். அவர் காப்பாற்றியது செசிலியை. முகம் பார்த்திராத, குரல் கேட்டிராத ஒருத்தியை, அவள் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு.

"எனக்காக நீரு போகக் கூடாது புலவரே."

"ஒமக்காக இல்ல." புலவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். "ஏழு வருசத்துல இந்தக் கட்டடத்துல எங்கிட்ட ஒருத்தரும் பேசல்ல சாரே. குட் மார்னிங் சொல்லுவாங்க. ஒம்ம பலகைதான் பேசிச்சு. அதுக்கு உண்டான கூலியெ வாங்கியாச்சு. நீரு வகுப்புக்குப் போம்."

இரண்டாம் மணிக்கு ஜஸ்டஸ் வகுப்பில் இருபடிச் சமன்பாடு நடத்தினான். நடுவில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டான். மாணவர்கள் திருத்தவில்லை. பலகையின் மூலை வெறுமையாக இருந்தது. ஐம்பது பேரும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வாளைக் குழம்பு மணத்தது. மூவரும் சாப்பிடவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"நாலு மணிக்குப் போய் நான்தான் எழுதினேன்னு சொல்லிரப் போறேன்" என்றான் ஜஸ்டஸ்.

"ஏலே!" என்றாள் அக்கா.

"புலவரு போனா நான் அந்த வகுப்புக்குள்ள எப்படிக்கா ஏறுவேன்? ஆயுசு பூரா அந்தப் பலகை முன்னாலதானே நிக்கணும்."

"நின்னுக்கோ! நிக்க இடம் கிட்டினவன் சந்தோசமா நிக்கணும். நான் எத்தனை வீட்டு நடையில நின்னேன்னு ஒனக்குத் தெரியுமா? உள்ள ஏறாதே, கடவத்தெ அங்கன வைன்னு சொல்லுவாவ. ஒருத்தரும் ஒன்னெ அப்பிடிச் சொல்லப்பிடாதுன்னுதானே படிக்க வச்சேன்? ஒரு கையெழுத்து லே. ஒரு கையெழுத்துக்கு வாயெ மூட முடியாதா ஒன்னால?"

அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் ஜஸ்டஸுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது செசிலி பேசினாள். அதுவரை இலையில் உப்பை விரலால் தள்ளிக்கொண்டிருந்தவள்.

"நீங்க எழுதினதா ஏன் சொல்லப் போறிய?"

"பின்னே ஒன் பேரெயா இழுக்க முடியும்?"

"அது நான் பாடினது."

"தெரியும் செசிலி. ஒன்னெக் காப்பாத்தத்தானே..."

"புலவரு சொல்லாம இருந்து காப்பாத்துதாரு. நீங்க ஒங்க பேரெப் போட்டுக் காப்பாத்துதிய. மைனி எல்லாரெயும் மூடிட்டு இரின்னு சொல்லிக் காப்பாத்துதா." அவள் குரல் உயரவே இல்லை. களைத்துப்போன குரலில்தான் சொன்னாள். "பிள்ளையெக் கொண்டு வச்ச பொறவு நான் பேசின பேச்சு அது ஒண்ணுதான். கல்லறையில என்னெ அழுவாதேன்னு சொன்னிய, நான் அழல்ல. வீட்டுல நீங்க பேசல்ல, நானும் பேசல்ல. அந்த ஈற்றடி வந்த பொறவுதான் எனக்கு வாய் வந்துது. அதையும் நீங்க எடுத்துக்கிடாதீங்க."

"ஏட்டி, பொம்பளை பேரு காலேஜுல அடிபட்டா ஊருல என்ன சொல்லுவாவ?" என்றாள் வியாகுலம்மாள்.

"என்னமும் சொல்லட்டும் மைனி. எனக்க பேரெ இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதே இல்ல."

ஜஸ்டஸ் அவளைப் பார்த்தான். கல்லறையில் அழாதே என்று சொன்னது அவனுக்கு நினைவே இல்லை. கூட்டம் பார்க்கிறதே என்று சொல்லியிருப்பான். கட்டிக்கொண்டவள் இரண்டு வருஷம் அதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறாள். வெண்பாவில் எத்தனை தளை உண்டு என்று அவனுக்குத் தெரியும், இது தெரியவில்லை. தன்னை நினைத்தே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"சொல்லணும்னா உள்ளதெச் சொல்லுங்க. இல்லன்னா ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் இலையை மடித்தாள்.

நான்கு அடிக்க ஐந்து நிமிஷம். பிரின்ஸிபால் அறை வாசலில் பியூன் சிலுவைதாசன் ஜஸ்டஸின் குடையை வாங்கி வைத்தான். உள்ளே மீரான் புலவர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை.

மாத்தன் கெட்ட மனிதர் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மழையில் ஹாஸ்டல் கூரை பறந்தபோது தம் வீட்டில் முப்பது பேரைப் படுக்க வைத்தவர். ஆனால் தம் பேச்சை உலகம் விரும்பிக் கேட்கிறது என்று இருபது வருஷமாக நம்பிவிட்டார். அந்த நம்பிக்கை மேல் கல் விழுந்தால் யாருக்கும் பொறுக்காது.

"உங்களை நான் கூப்பிடவில்லையே, ஜஸ்டஸ்."

"பலகையில் எழுதியது நான் சார்."

புலவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாத்தன் மேஜையிலிருந்த ஒரு காகிதத்தைப் பார்த்தார். ஜஸ்டஸும் பார்த்தான். அதுதான் உத்தரவு. அடியில் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"நீங்களா? கணக்கு வாத்தியாரா?" அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம். "உங்களை நான் எவ்வளவு உயர்வாக எழுதியிருக்கிறேன், தெரியுமா? நீங்கள் இயற்றியதா அது?"

இந்த இடத்தில் ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் ஒருவிதமாக முடிந்திருக்கும். ஒரு மன்னிப்புக் கடிதம், இன்னும் ஆறு மாதம் தற்காலிகம், அதோடு சரி. மாத்தன் அதைத்தான் எதிர்பார்த்தார் என்பது அவர் பேனாவைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது. ஜஸ்டஸின் நாக்கிலும் அந்த வார்த்தை வந்து நின்றது.

"இல்லை சார். இயற்றியது என் மனைவி. அவள் பெயர் செசிலி. விழாவில் நடந்ததை நான் போய்ச் சொன்னேன், அவள் பாடினாள். அதைப் பலகையில் எழுதியது என் தப்பு. புலவருக்கு இதில் சம்பந்தமில்லை."

மாத்தன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"மனைவி எதுவரை படித்தவர்?"

"எட்டாம் வகுப்பு."

மாத்தன் பேனாவை மூடினார். முகம் சிவந்துவிட்டது.

"மிஸ்டர் ஜஸ்டஸ், என்னைக் கேலி செய்ததை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்களே, அதைப் பொறுக்க முடியாது. எட்டாம் வகுப்புப் படித்த பெண் இலக்கணம் பிசகாமல் வெண்பா பாடினாளாம்! இதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லையா?"

"பொய் இல்ல சார்" என்றார் புலவர்.

அந்த அறையில் ஏழு வருஷத்தில் யாரும் கேட்காமலே அவர் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"அவங்க பாடினதுதான். பத்து மாசமா அவங்களுக்குத்தான் நான் ஈற்றடி கொடுத்துட்டு இருக்கேன். எனக்க மாணவர்களுக்கு இல்ல. சொல்லப் போனா, எனக்கு அவங்கதான் ஒரே சபை."

மாத்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உத்தரவை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். ஒரு வெள்ளைத்தாளை முன்னால் இழுத்து, அவருக்கு அவ்வளவு பழக்கமில்லாத தமிழில், உருண்டை உருண்டையான எழுத்தில் நெடுநேரம் எழுதினார். உறையில் போட்டு ஒட்டி, மேலே விலாசம் எழுதி ஜஸ்டஸிடம் நீட்டினார்.

"இதைப் பிரிக்காமல் சேர்ப்பிக்க வேண்டும். புலவரே, உங்கள் நோட்டீஸும் திங்கட்கிழமை வரை நிற்கட்டும்."

இருவரும் வெளியே வந்தார்கள். படியிறங்கும்போது புலவர் தம் குடையை எடுத்து வர மறந்துவிட்டார். ஜஸ்டஸின் ஒரே குடைக்குக் கீழே சந்தை முக்கு வரை நனைந்துகொண்டே நடந்தார்கள். பிரியும் இடத்தில் புலவர், "செசிலின்னா சொன்னீரு பேரு?" என்று கேட்டார்.

"ஆமா."

"நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டார்.

வீட்டில் வியாகுலம்மாள் கடவத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். புறப்படுவதற்குத்தான் தயாராக இருந்தாள். ஆனால் புறப்படாமல் காத்திருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாரா?"

"இல்லக்கா. இழுப்பறையில போட்டுப் பூட்டியாச்சு."

அவள் தலையில் கட்டப்போன துணியைக் கீழே போட்டாள். அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயதுக்காரி அந்த ஒரு நிமிஷத்தில் மிகவும் களைத்துப்போனாள். "பூசை வேண்டாம்னு சாமியாருகிட்ட சொல்லணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

செசிலி கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என்ன சொன்னிய?"

"உள்ளதெச் சொன்னேன்."

"பேரெச் சொன்னியளா?"

"சொன்னேன். இன்னா, ஒனக்குத்தான்."

உறையை அவள் வாங்கவில்லை. முதலில் கையைக் கழுவினாள். சேலையில் துடைத்தாள். பிறகு வாங்கி விலாசத்தை வாசித்தாள். ஸ்ரீமதி செசிலி, ஜஸ்டஸ் ட்யூட்டர் வீடு, வடசேரி. பிறந்து இருபத்தாறு வருஷத்தில் அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம். மறுபடி ஒரு தடவை வாசித்தாள்.

"பிரிச்சுப் படி ஏட்டி" என்றாள் வியாகுலம்மாள் சுவரோரமிருந்து. "என்ன எளவு எழுதியிருக்கான்னு கேப்போம்."

செசிலி உரக்கப் படித்தாள்.

"தாங்கள் இயற்றியதாகத் தங்கள் கணவர் கூறும் செய்யுளை, எட்டாம் வகுப்பு மட்டும் கற்ற ஒரு ஸ்திரீ இயற்றியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆகையால் வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாங்கள் கல்லூரிக்கு வந்து, கமிட்டியார் முன்னிலையில், அங்கே கொடுக்கப்படும் ஈற்றடிக்கு மூன்று அடிகள் எழுதிக் காட்ட வேண்டியது. அரைமணி நேரம் தரப்படும். தாங்கள் வராமற்போனாலும், வந்து எழுத இயலாமற்போனாலும், பொய் சொன்ன குற்றத்துக்காகத் தங்கள் கணவரும், அவருக்குத் துணை நின்ற புலவரும் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார்கள்."

வியாகுலம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"நல்ல கதை" என்றாள். "காலையில ஒருத்தன் வேலைக்குத்தான் ஆபத்து. இப்ப ரெண்டு வீட்டுச் சோறும் இவ நாக்குல நிக்கு."

"போக வேண்டாம் செசிலி" என்றான் ஜஸ்டஸ். "அத்தனை ஆம்பிளைங்க முன்னால, கடிகாரத்தெ வச்சுக்கிட்டு... பயத்துல எனக்கே ஒரு சீரு வராது. நான் வேற எங்கயாவது ட்யூஷன் பார்த்துக்கிடுதேன்."

அவள் அவன் சொன்னதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. கடிதத்தின் ஒரே ஒரு வரியில் விரலை வைத்து நின்றாள்.

"அரை மணிக்கூறு எதுக்கு?" என்றாள். "அதெ நான் கஞ்சித்தண்ணி வடியதுக்குள்ள பாடினேன்."

குரல் உறுதியாகத்தான் இருந்தது. கடிதத்தை மடிக்கத்தான் முடியவில்லை. இரண்டு தடவையும் மடிப்புக் கோணிப்போயிற்று. ஜஸ்டஸ் அதை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து உறைக்குள் வைத்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.